கையை மூடச் சொன்னவன்

டலூத், மின்னசோட்டா
1991 ஜூன் 3

பிரியமுள்ள லாட்டி அக்காவுக்கு, தம்பி காஸ் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரரின் சௌக்கியத்தைக் கேட்பது மரியாதை என்பதால் அதையும் கேட்டுவைக்கிறேன்.

எனக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் இல்லை, கனடாவிலும் இல்லை. சம்பளத்துக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் நிஜமான அணி. டலூத் அணியின் ஸ்பெஷல் டீம் கோச் இனி உன் தம்பி. பந்தை எறிகிறவனுக்கு ஒரு கோச், பிடிக்கிறவனுக்கு ஒரு கோச், அவர்களுக்குப் பெயரும் புகழும். பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் உள்ளே ஓடிப் பல்லை உடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான். வேறெந்தக் கோச்சும் வேண்டாமென்று தள்ளிவிட்டவன் எல்லாம் என்னிடம்தான் வந்து சேருவான். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

இன்னொன்று. ஆட்ட அட்டவணை வந்துவிட்டது. டிசம்பர் 15, ஞாயிறு, டொலீடோ அணி இங்கே ஆட வருகிறது. அதாவது அதன் தலைமைக் கோச் ராய்ஸ் டாக்கெட், உன் வீட்டுக்காரர், என் ஊருக்கு வருகிறார்.

நீ மறந்திருக்கலாம். 1984 டிசம்பர், அரையிறுதி, பனி. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த கடைசி நாள். நாலு புள்ளி முன்னால் இருந்தோம். ஒன்றரை நிமிடம் பாக்கி. எங்கள் எல்லைக் கோட்டை ஒட்டி நின்று பந்தை உதைத்து அனுப்ப வேண்டும். டாக்கெட் கையை மூடிக் காட்டினால் எல்லோரும் நின்று உதைப்பவனைக் காக்க வேண்டும். விரித்துக் காட்டினால் ஓரத்து ஆட்கள் அவனை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓட வேண்டும். எதிராளிகள் எல்லோரும் ஒரே பக்கம் குவிவதைப் பார்த்தேன். கையை மூடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டடி தள்ளி நின்ற மனுஷர் விரித்தார். உதையை மறித்துப் பந்தை எடுத்துக் கோட்டைத் தாண்டி, ஆறு புள்ளி வாங்கி ஜெயித்துப் போனார்கள். "உதை விஷயமெல்லாம் காஸ் பொறுப்பு, அவன்கிட்ட கேளுங்க" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். மறுநாள் என் அறைக் கதவில் என் பெயர் இல்லை.

நான் கத்தினேன் என்று எத்தனை பேரிடம் சொன்னேன். காற்றில் எவருக்கும் கேட்கவில்லையாம். ஒரே ஒரு வாய், "ஆமா, அவன் கத்தினான், என் காதுல விழுந்துச்சு" என்று சொல்லியிருந்தால் போதும். அப்பா நம் போலந்துக்காரர்களின் சங்கத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? "கோட்டை விட்டவனோட அப்பன் வர்றான், ஒதுங்குங்க" என்று பாரில் ஒருவன் சொன்னானாம். அவர் சாகிறவரை வீட்டிலேயே பியர் குடித்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதே உதை, அதே மறிப்பு, உன் வீட்டுக்காரர் கையாலேயே. நீ என் அக்கா என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் காஸ்


டொலீடோ
ஜூன் 24

என் செல்லத் தம்பி காஸுக்கு, லாட்டியின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஆப்டோமெட்ரி படிக்கப் போகிறாளாம். கண் டாக்டர் என்று நான் சொன்னால் திருத்துகிறாள். முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு, விஸ்கி ஒத்தடம் வேண்டாம்.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே அழுதேன். அவரிடமும் சொன்னேன். "நல்லது" என்றார். அப்புறம் வெளியே போய்ப் புல் வெட்டினார். வெட்டிய புல்லையே மறுபடியும் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பழைய ஆட்டத்தை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பாய்? கீழே போடடா. கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால் உனக்கு இதற்கெல்லாம் நேரமே இருந்திருக்காது.

அன்புடன்,
லாட்டி


டலூத்
ஜூலை 29

அக்காவுக்கு வணக்கம். உன் ஆசி வந்தது, ஒத்தடமும் போட்டேன், இரண்டு விதமாகவும். நீங்கள் எல்லோரும் நலமா?

பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது. என் கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பாய். ஒருவன் போன மாதம் வரை சவப்பெட்டிக் கடையில் லாரி ஓட்டினான். இன்னொருவனுக்கு ஒன்பது விரல். எங்கள் தலைமைக் கோச் அவர்களைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "யோவ் காஸ், உன் குப்பைத்தொட்டியைக் கூட்டிக்கிட்டு அந்த ஓரமாப் போ" என்கிறார். போகிறோம். அந்த ஓரத்தில்தான் ஆட்டம் ஜெயிக்கப்படுகிறது என்பது அவருக்கும் ஒருநாள் தெரியும்.

மாலையில் டொலீடோவின் பழைய ஆட்டப் படங்களைப் போட்டுப் பார்க்கிறேன். உதைப்பவனின் பாதம், அவனுக்குப் பந்தைப் பின்னால் எறிபவனின் கட்டைவிரல். அதுதான் என் வேலை. இப்போதும் கையைக் காட்டுவது உன் வீட்டுக்காரர்தான். வேறு யாரையும் அவர் நம்புவதில்லை போலிருக்கிறது. என்னிடம் பட்ட அனுபவமோ என்னவோ.

கல்யாணத்தைப் பற்றி: ஒன்பது விரல்காரனே ஏற்கெனவே இரண்டு பண்ணிவிட்டான். என் பங்கையும் அவன் எடுத்துக்கொண்டான்.

உன் காஸ்


டொலீடோ
ஆகஸ்ட் 26

அன்புத் தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். வெயில் கொளுத்துகிறது. தக்காளி காய்த்துத் தள்ளுகிறது, தின்னத்தான் ஆளில்லை.

எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. அவருக்கு வயதாகிறதடா. மாதா கோயிலில் ஆர்கன் வாத்தியத்துப் பக்கம் உட்கார மாட்டேன் என்று அடம். இருபது வருஷமாக உட்கார்ந்த பெஞ்சை விட்டுவிட்டு இடது கோடியில் போய் உட்காருகிறார். நாங்கள் எல்லோரும் அவருக்கு வலப்பக்கம், கோழிக்குஞ்சு மாதிரி வரிசையாக. கட்டிலிலும் இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். முப்பது வருஷம் படுத்த பக்கத்தை விட எனக்கு மனசே வரவில்லை. அதனால் நான் பேசுவதெல்லாம் சுவருக்குப் போகிறது. ஆம்பிளைகள் எல்லோரும் இப்படித்தானோ!

பெரியவள் போய்விட்டாள். வீடு காலியாக இருக்கிறது. அடிக்கடி எழுது.

லாட்டி


டலூத்
செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு, நலம். தக்காளியைப் பொட்டலம் கட்டி அனுப்பு, என் குப்பைத்தொட்டி தின்னும்.

உடனே பதில் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படாதே. வீடு காலி என்று எழுதியிருந்தாய், அதனால்தான். அத்தானுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏழு வருஷத்தில் முதல் தடவையாக 'அத்தான்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? நான் ஒன்றும் கல் இல்லை.

ஆட்டப் படத்திலும் பார்த்தேன். டொலீடோவின் ஸ்பெஷல் டீம் கோச் ஹெர்ப் நாஷ் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் நிற்கிறார். ஒருமுறை தவறி இடப்பக்கம் வந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து மாற்றி நிறுத்துகிறார். இதை வேறு யார் கவனிப்பார்கள்? உன் தம்பிக்குத்தான் வேறு வேலை இல்லை.

மனசில் இருப்பதை என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறாய்?

உன் காஸ்


டொலீடோ
அக்டோபர் 30

காஸுக்கு, நலமா? பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சரி, சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. இரண்டு வருஷமாக இப்படி. வலது காது பரவாயில்லை, அமைதியாக இருந்தால். க்ளீவ்லண்டில் ஒரு டாக்டரிடம் நம் அப்பாவின் பெயரைக் கொடுத்துக் காட்டிக்கொண்டு வந்தோம். அணி முதலாளிக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. ஹெர்ப் யூகித்திருப்பார், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்.

இந்த வருஷம் நன்றாக ஆடுகிறார்கள். இன்னும் இரண்டு வருஷம் தள்ளிவிட்டால் மரியாதையோடு விலகிக்கொள்வார். அதற்கு முன்னால் தெரிந்தால் அவரை ஒரு நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டம் இல்லாமல் அவர் என்ன பண்ணுவார் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு. எழுதிக் கொடு.

லாட்டி


டலூத்
நவம்பர் 8

அருமை அக்காவுக்கு, நலம். இதோ எழுதிக் கொடுக்கிறேன்: உன் ரகசியத்தை நான் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். பத்திரிகைக்காரனிடமோ, எங்கள் கோச்சிடமோ, பாதிரியாரிடமோகூட. அம்மா மேல் சத்தியம். இனி நிம்மதியாக இரு.

இங்கே ஏற்கெனவே பனி. வேடிக்கையாக ஒரு சேதி. இந்த ஊர்த் தீயணைப்புக்காரர்கள் பித்தளை வாத்தியக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். அறுபது பேர். டிராம்போன் வாசிக்கும் ஆர்விட் லின்ட்குவிஸ்ட்தான் தலைவர். மனுஷர் கன்னத்தை உப்பினால் இரண்டாவது தெருவில் நாய் குரைக்கும். இத்தனை வருஷமாக மைதானத்தின் மூலையில் காற்றடிக்கும் இடத்தில் அவர்களை உட்கார வைத்திருந்தார்கள், பாவம். "நல்ல இடமாப் பாத்துக் குடுத்தா சும்மா கிழிச்சிருவோம் கோச்" என்றார். நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பந்தைப் பின்னால் எறிவதற்கு முன் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆர்விட் விதியை மீறாதவர்.

ஆட்டத்துக்கு நீயும் வருகிறாயா? கம்பளி எடுத்துக்கொண்டு வா.

உன் காஸ்


டொலீடோ
டிசம்பர் 3

என் தம்பிக்கு, நலம். உன் சத்தியத்தைப் படித்த அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

இந்த உறையில் கிறிஸ்துமஸ் அப்பம் வைத்திருக்கிறேன். ஓரத்தில் நான் கொஞ்சம் உடைத்தேன், பிள்ளைகள் உடைத்தார்கள், அவரும் உடைத்தார். ஏழு வருஷமாக அவர் உடைத்த அப்பத்தை நீ திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாய். இந்த வருஷமாவது மிச்சத்தை உடைத்துச் சாப்பிடு. மன்னித்தவன்தான் இதைச் சாப்பிடலாம் என்பது உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஆட்டத்துக்கு வருகிறேன். நீ ஜெயித்துக்கொள், எனக்கு ஒன்றுமில்லை. ஆட்டமாக ஆடி ஜெயி.

லாட்டி


டலூத்
டிசம்பர் 16, திங்கள் காலை

அக்கா! நலமா? நான் ரொம்ப நலம்! இவ்வளவு நலமாக நான் இருந்தே ஏழு வருஷம் ஆகிறது.

நேரில் பார்க்காமலேயே கிளம்பிவிட்டாய். பரவாயில்லை, பிளேனுக்கு நேரமாகியிருக்கும். நீ பார்த்ததையே மறுபடியும் எழுதுகிறேன், எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது.

நாலாவது கால் பங்கு. நீங்கள் நாலு புள்ளி முன்னால். நாலு புள்ளி, அக்கா! நான் கேட்டா வாங்கினேன்? தெய்வமே கொண்டுவந்து கையில் கொடுத்தது. இரண்டு நிமிடம் பாக்கி. உங்கள் எல்லைக் கோட்டை ஒட்டி உதை. என் குப்பைத்தொட்டியைக் கடைசி நொடியில் ஒரே பக்கம் குவித்தேன். ஆர்விட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினேன். அறுபது பித்தளையும் டொலீடோ பெஞ்சுக்குப் பின்னால் வலது மூலையிலிருந்து கிளம்பியது. ஹெர்ப் நாஷ் டாக்கெட்டின் வலது காதில் வாயை வைத்துக் கத்துகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. டாக்கெட் தலையைச் சாய்க்கிறார், என்ன என்கிறார். அப்புறம் கையைத் தூக்கி, விரித்தார்.

அஞ்சு விரலும் தெரிந்தது. அந்தக் கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சவப்பெட்டி லாரிக்காரன் நெஞ்சால் மறித்தான், ஒன்பது விரல்காரன் கோட்டுக்கு அப்பால் பந்தின் மேல் விழுந்தான், எங்களுக்கு ஆறு புள்ளி. ஆட்டம் முடிந்தது. எங்கள் தலைமைக் கோச் இப்போது அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

நான் வாக்குத் தவறவில்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து வந்ததும் உடைத்துத் தின்றுவிட்டேன். மன்னித்தாயிற்று என்று அத்தானிடம் சொல். இனி ஹெர்ப் நாஷ்தான் பாவம், பெயர்ப்பலகையை இப்போதே கழற்றி வைத்துக்கொள்ளட்டும்.

உன் காஸ்


டலூத்
டிசம்பர் 30

அக்காவுக்கு, நலமா? பதில் இல்லை. தொலைபேசியை எடுத்தவுடன் வைத்துவிடுகிறாய். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

பத்திரிகையில் பார்த்தேன். டாக்கெட் சொன்னதை எல்லா ஊரிலும் போட்டிருக்கிறார்கள். "ஹெர்ப் சரியாத்தான் சொன்னார். எனக்குத்தான் கேக்கல. என் இடது காது செத்து எட்டு வருஷம் ஆகுது, மறைச்சு வெச்சிருந்தேன். தப்பு முழுக்க என்னோடது." அன்றே வேலையை விட்டு விலகிவிட்டாராம். ஜனங்கள் அவரை உத்தமர் என்கிறார்கள். எங்கள் ஆட்டக்காரர்களே தொப்பியைக் கழற்றி நிற்கிறார்கள். நான் மறித்த உதையைப் பற்றி இரண்டே வரி.

எட்டு வருஷம். நீ இரண்டு என்று எழுதினாய். எட்டு என்றால் 1983. அப்படியானால் அன்றைக்கு அவர் இடப்பக்கம் நின்று நான் கத்தியதும் அவருக்குக் கேட்கவில்லை. சரி, கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் எதிரில் நின்று, "நான் கத்தினேன் கோச், சத்தியமாக் கத்தினேன்" என்று சொன்னேனே, அப்போது காது நன்றாகத்தான் கேட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெர்ப் நாஷுக்காக ஊரைக் கூட்டிச் சொன்ன அந்த நாலு வார்த்தையை எனக்காக ஏன் சொல்லவில்லை? நான் அவர் மச்சான். ஹெர்ப் யார்? அப்பா இருக்கும்போது சொல்லியிருந்தால் அந்த மனுஷர் தலை நிமிர்ந்து சங்கத்துக்குப் போயிருப்பாரே.

ஜெயித்தும் எனக்கு ஆறவில்லை. அவரிடம் கேட்டு எழுது. அவரே எழுதினாலும் சரி. எனக்குப் பதில் வேண்டும்.

காஸ்


டொலீடோ
1992 பிப்ரவரி 2

காஸ்,

நான் சௌக்கியமா என்று இனிமேல் கேட்காதே.

அவரிடம் நான் கேட்கவில்லை. பதில் என்னிடமே இருக்கிறது.

மைதானத்தில் போய் உட்கார்ந்ததும் பித்தளைக்காரர்களைப் பார்த்தேன். எந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறாய் என்று பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது. இறங்கிப் போய் அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றா? மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்போது அவர் காலையில் எழுந்து வாசல் பனியைத் தள்ளுகிறார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். என் கடிதத்திலிருந்துதான் நீ பிடித்தாய் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். 1983 கோடையில் வந்த காய்ச்சலில் அந்தக் காது போனது. அந்த அரையிறுதி முடிந்து வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, "காஸ் கத்தியிருப்பான் லாட்டி. எனக்குக் கேக்கல. பயத்துல அவன் மேல பழியைப் போட்டுட்டேன். காலைல பேப்பர்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றார்.

நான் விடவில்லை. "சொன்னீங்கன்னா நாம தெருவுலதான் நிக்கணும். காது கேக்காத கோச்சை எவன் வெச்சுப்பான்? நமக்கு ரெண்டு புள்ளைங்க. காஸ் ஒண்டிக்கட்டை, எங்கயாவது பொழைச்சுப்பான்" என்றேன். விடியும்வரை சொன்னேன். கடைசியில் தலையை ஆட்டினார். அப்பா செத்த அன்றும், "இப்பவாவது சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். அன்றும் வேண்டாம் என்றது நான்தான். இந்தத் தடவை என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டார்.

ஏழு வருஷமாக நீ பல்லைக் கடித்துக்கொண்டு வெறுத்தது தப்பான ஆளை. இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப்போக வேண்டும் என்றிருந்தேன். மனசாட்சி உறுத்திச் சொல்லவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. என் புருஷனை அந்த நாற்காலியில் உட்கார வைத்த உனக்கும் வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு வாய் போதும் என்று எழுதியிருந்தாயே. அவருக்குத்தான் காது கேட்காது. நான் அன்று உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ மூன்று தடவை கத்தினாய். மூன்றாவது தடவை நம் போலிஷ் மொழியில் கத்தினாய்.

லாட்டி